எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் மலைப் பெண்பிள்ளைகள்: எங்கே கை வைப்பது?

புதுக்கொல்லை கேட்டது:

வணக்கம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மலைப் பஞ்சாயத்து. மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள்) வாழும் சின்னச் சின்ன ஊர்கள். 'கல்வியிலும் வேலையிலும் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு' என்ற தலைப்பில் ஓராண்டு வேலை தொடங்கப்போகிறோம். தலைப்பு பெரிது, பணமும் ஆளும் குறைவு.

நிலவரம் இதுதான். உண்டு உறைவிடப் பள்ளி 8ஆம் வகுப்பு வரை இருக்கிறது. அதுவரை பெண்பிள்ளைகள் பையன்களுக்குச் சமமாக வருகிறார்கள். 9ஆம் வகுப்புக்கு அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். அங்கேதான் பையன்கள் போக, பெண்பிள்ளைகளில் பாதிக்கு மேல் நின்றுவிடுகிறார்கள். வேலைப் பக்கம் பார்த்தால் களையெடுப்பு, சாமை அறுப்பு, புளி உடைப்பது, கடுக்காய் பொறுக்குவது எல்லாம் பெண்கள். எடை போட்டுப் பணம் வாங்குவதும் நிலம் இருப்பதும் ஆண் பெயரில்.

யாரைக் கேட்டாலும் "விழிப்புணர்வுக் கூட்டம் போடுங்கள்" என்கிறார்கள். அதைத் தாண்டி, எந்தத் தாளைப் பிடிப்பது, எந்த மாதத்தில் என்ன செய்வது, எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வருகைப்பதிவேடு எழுதியது:

முதலில் இரண்டு எண்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடி ஆண்களின் எழுத்தறிவு 61.8 சதவீதம், பெண்களுடையது 46.8. மாநிலத்தின் எல்லாப் பெண்களையும் சேர்த்தால் 73.4. ஆக, பழங்குடிப் பெண் தன் வீட்டு ஆணைவிட 15 புள்ளி பின்னால் இருக்கிறாள். மாநிலத்தின் சராசரிப் பெண்ணைவிட 26 புள்ளிக்கு மேல் பின்னால் இருக்கிறாள். இரண்டாவது இடைவெளிதான் பெரிது. "அப்பன் படிக்க விடவில்லை" என்பது பாதிக் காரணம்தான். பள்ளி எங்கே இருக்கிறது, விடுதி எப்படி இருக்கிறது என்பதில் மீதி இருக்கிறது.

சேர்க்கை எண்ணிக்கையை நம்பி இறங்காதீர்கள். கல்யாணமாகிப் போன பிள்ளையின் பெயரும் சில மாதம் பதிவேட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டுக் கடைசி 3 ஆண்டுகளின் 8ஆம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போது எங்கே என்று எழுதுங்கள்: 9ஆம் வகுப்பு, வீடு, நூற்பாலை, காப்பித் தோட்டம், கல்யாணம். வீட்டில் போய் "ஏன் நிறுத்தினீர்கள்" என்று முதலில் கேட்க வேண்டாம். கேட்டால் "அவளுக்குப் படிப்பு ஏறல" என்ற ஒரே பதில்தான் எல்லா வீட்டிலும் வரும். "எந்த மாசம் நின்னா?" என்று கேளுங்கள். மாதம் பொய் சொல்லாது.

ஜூனில் சேரவே இல்லை என்றால் அது பெரும்பாலும் தாள் பிரச்சினை அல்லது விடுதி பயம். காலாண்டு விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகவில்லை என்றால் விடுதிக்குள் ஏதோ சரியில்லை. தை மாதத்தில் நின்றால் குடும்பம் வேலைக்கு வெளியூர் போகிறது, பிள்ளை கூடப் போகிறாள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றையும் ஒரே கூட்டத்தில் பேசித் தீர்க்கப் பார்ப்பதால்தான் ஒன்றும் நடப்பதில்லை.

ஜூனுக்கான வேலையை ஜூனில் தொடங்கினால் தோற்றோம். பிப்ரவரி கடைசியிலேயே 8ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்). ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் வேறு எழுத்து, பிறந்த தேதி இரண்டிலும் வேறு என்பது மலையில் சாதாரணம். இதைத் திருத்தவே ஒரு மாதம் ஓடும். எமிஸ் எண்ணைக் கட்டாயம் தனியாக எழுதி வையுங்கள். எங்கும் சேராத பிள்ளை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போய்விடுவாள். எண் கையில் இருந்தால் எந்தப் பள்ளியின் தலைமையாசிரியரும் அங்கிருந்து தன் பள்ளிக்கு இழுத்துக்கொள்ளலாம். எண் இல்லாவிட்டால் தேடித் தேடி ஆகஸ்ட் வந்துவிடும், அதற்குள் பிள்ளை கொல்லை வேலையில் ஊன்றிவிடுவாள்.

விடுதியை மே மாதத்தில் தாய்மார்களோடு போய்ப் பாருங்கள். அப்பாக்களோடு அல்ல. அம்மா பார்க்கும் இடமே வேறு: குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, விடியற்காலை 5 மணிக்குக் குழாயில் தண்ணீர் வருமா, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா அல்லது சாயங்காலம் பஸ் ஏறிவிடுகிறாரா. "விடுதி வேண்டாங்க" என்ற சொல்லுக்குள் இந்த நாலும்தான் இருக்கும். குறை இருந்தால் தாழ்ப்பாளும் பல்பும் நீங்களே வாங்கிப் போட்டுவிடலாம். காப்பாளர் தங்குவதில்லை என்றால் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

6ஆம் வகுப்பிலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிக்குப் போய்விட்டால் 12 வரை இந்த முறிவே இல்லை. அங்கே இடங்களில் பாதி பெண்பிள்ளைகளுக்கு. ஆனால் முக்கியச் சேர்க்கை 6இல்தான், நடுவில் காலியிடம் இருந்தால் மட்டும். ஆகவே 5ஆம் வகுப்புப் பட்டியலையும் இந்த வருடமே எடுத்துவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா பக்கத்தில் இருந்தால் அது 8 வரைதானா, அதற்கு மேலும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 8 வரை மட்டும் என்றால் அதே பள்ளத்தை வேறு இடத்தில் வெட்டியதாக ஆகும்.

சாமைக்கூழ் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் பிள்ளையின் நேரம் எங்கே போகிறது என்ற கணக்கு இல்லாமல் உறை போட்டுப் பயனில்லை.

சமவெளிக் கண்ணோடு மலைக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, "பெண்ணைச் சுமையாக நினைக்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்வது. பழங்குடியினரிடம் பெரும்பாலும் வரதட்சணை கிடையாது, மாப்பிள்ளை வீடுதான் பரிசம் தரும். 2011இல் நாடு முழுக்க 1000 ஆண்களுக்குப் பெண்கள் 943 என்றிருக்க, பழங்குடியினரிடம் மட்டும் 990. பெண் பிறந்தால் முகம் சுளிக்கிற வீடுகள் குறைவு. அவள் நிற்பதற்குக் காரணம் அவள் வேண்டாதவள் என்பதல்ல, வேலைக்கு ரொம்ப வேண்டியவள் என்பது. வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் நாட்டிலேயே பழங்குடியினரிடம்தான் அதிகம். அந்த வேலையில் பெரும்பகுதி சொந்தக் கொல்லையில், சம்பளம் இல்லாமல்.

எனவே 12 வயதுப் பெண்பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டில் எந்த வேலை நிற்கும் என்று பாருங்கள். முதல் இடம் கைக்குழந்தை. அம்மா களைக்குப் போனால் தம்பியைப் பார்ப்பது இவள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை அனுமதிக்கிறது. தம்பியைப் பார்ப்பதை யாரும் தொழில் என்றே எண்ணுவதில்லை, ஆகவே எந்த ஆய்விலும் அது வராது. இதற்கு மருந்து பள்ளிக்கூடத்தில் இல்லை, அங்கன்வாடியில் இருக்கிறது. மலைப் பகுதிக்கு அளவு தளர்வானது: 300 முதல் 800 பேருக்கு ஒரு அங்கன்வாடி, 150 முதல் 300 பேருக்குக் குறு அங்கன்வாடி. இது போக 2006 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவு ஒன்று உண்டு. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து அங்கன்வாடி இல்லாத ஊர் கேட்டால், கேட்ட 3 மாதத்துக்குள் தர வேண்டும். குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, தாய் பெயரோடு பட்டியல் போட்டு வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். மையம் ஏற்கெனவே இருந்தால் அது எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பாருங்கள். அம்மா 7 மணிக்குக் கொல்லைக்குப் போகிறாள், மையம் 10 மணிக்குத் திறக்கிறது என்றால் இடையில் இருக்கும் 3 மணி நேரம் அக்காவின் தலையில்.

இரண்டாவது உரல். சாமையையும் தினையையும் உமி நீக்குவது கையால் என்றால் ஒரு வேளைக்கே இரண்டு பேர் உலக்கை பிடிக்க வேண்டும். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊருக்குள்ளேயே சிறுதானிய இயந்திரங்கள் வைத்துக் குழுக்களிடம் கொடுத்தது இதை உத்தேசித்துத்தான். வாங்குவது சுலபம், ஓட்டுவதுதான் கஷ்டம். மும்முனை மின்சாரம் இல்லாத ஊரில் வாங்கி வைத்த இயந்திரம் கோழி அடைய மட்டும் ஆகும். சல்லடையும் பெல்ட்டும் தேயும். மாற்றுவதற்கு அரைப்புக் கூலியில் ஒரு பங்கை முதல் மாதத்திலிருந்தே தனியாக ஒதுக்க வேண்டும். நெல்லுக்கான இயந்திரத்தில் சாமையைப் போட்டால் பாதி நொய்யாகிவிடும், பெண்கள் மறுபடி உலக்கைக்கே போய்விடுவார்கள்.

மூன்றாவது மாதவிலக்கு. ஒதுங்கி இருக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் மாதம் 5 நாள் என்றால் பள்ளி நடக்கும் 10 மாதத்தில் 50 நாள். ஞாயிறும் விடுமுறையும் கழித்தாலும் 35 நாளுக்குக் குறையாது. கணக்குப் பாடத்தில் இரண்டு அத்தியாயம் இதிலேயே போகும். வழக்கத்தோடு முதல் வருடமே மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஒதுக்கம் கிடையாது என்பதை ஊரே ஏற்றுக்கொள்கிறது, ஆகவே விடுதியைச் சரிசெய்தால் இதுவும் பாதி தீர்ந்தது. ஆனால் நாப்கின் கணக்கைப் பாருங்கள். அரசு தருவது 2 மாதத்துக்கு 3 பொட்டலம், பொட்டலத்துக்கு 6, ஆக 18. ஒரு மாதத்துக்கே 15 ஆகும். தேவையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது. மிச்சத்துக்குத் துணி. துணியை வெயிலில் உலர்த்த மறைவான கொடி விடுதியில் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

புதுக்கொல்லை:

மாதம் கேட்கும் யோசனை உண்மையிலேயே உபயோகம், நன்றி இருவருக்கும். ஒரு சந்தேகம். சில பிள்ளைகளுக்கு அப்பா இல்லை, அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா பக்கத்துத் தாள்கள் மட்டும்தான் இருக்கின்றன. சாதிச் சான்று கிடைக்குமா? இன்னொன்று, இரண்டு மருமகள்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைப் பக்கத்து மலையாளிப் பெண்கள். அவர்களுக்குச் சான்றே இல்லை என்கிறார்கள்.

கோட்டாட்சியர்_வாசல் எழுதியது:

பர்கூர் விஷயம் வேறு கதை. அரசின் பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயர் பழைய தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். ஈரோடு அதில் இல்லை. ஒரே மொழி, ஒரே குலம், கொள்வினை கொடுப்பினை எல்லாம் இருந்தும் பர்கூர் மலையாளிக்குப் பழங்குடிச் சான்று கிடைக்காது. கல்யாணத்தால் ஒருவரின் பழங்குடி நிலை வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆகவே அந்த மருமகள்களுக்கு உங்கள் மாவட்டத்திலும் கிடைக்காது. அவர்கள் பிள்ளைகளுக்கு அப்பா வழியில் கிடைக்கும். நேர்மாறாக, உங்கள் ஊர்ப் பெண் பர்கூரில் வாழ்க்கைப்பட்டால் அவள் சான்று அப்படியே செல்லும், பிறந்த வீட்டுத் தாள்களை வைத்து வாங்க வேண்டும்.

அப்பா இல்லாத பிள்ளைக்கு: அப்பாவும் பழங்குடி, ஆள் மட்டும் இல்லை என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை இவர்களில் ஒருவரின் சான்றும் உறவைக் காட்டும் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையும் வையுங்கள். அப்பா வேறு சமூகம், அம்மா பழங்குடி என்றால் 2012இல் உச்ச நீதிமன்றம் ரமேஷ்பாய் டாபாய் நாய்க்கா வழக்கில் சொன்னதைப் பிடியுங்கள். பிள்ளைக்கு அப்பாவின் சாதி என்பது ஓர் அனுமானம்தான், முடிந்த முடிவல்ல. அம்மாவின் சமூகத்தில், அவர்களில் ஒருவராக வளர்ந்தாள் என்று காட்டினால் பழங்குடி நிலை உண்டு. வாய்ப்பேச்சு போதாது. எந்த ஊரில் வளர்ந்தாள், எந்தப் பள்ளி, ஊர்ச் சடங்குகளில் யாராக நிற்கிறாள் என்று ஊர்க்கவுண்டரும் அக்கம்பக்கத்தவரும் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும்.

எல்லாரும் சறுக்கும் இடம் இன்னொன்று. தமிழ்நாட்டில் 11.11.1989க்குப் பிறகு பழங்குடிச் சான்றைத் தருவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான். அதற்குப் பிந்தைய தேதியில் தாசில்தார் கையெழுத்திட்ட பழைய அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள், அது செல்லாது. பிள்ளை 12 முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போதுதான் இது தெரியவரும். கள விசாரணைக்குக் கோட்டாட்சியர் மலை ஏற வேண்டும் என்பதால் ஒவ்வொரு மனுவாகப் போனால் மாதக்கணக்கில் கிடக்கும். 30, 40 மனுக்களைச் சேர்த்து ஊரிலேயே ஒரு நாள் முகாம் கேளுங்கள். பையனுக்கு வாங்கும்போது பெண்ணுக்கும் சேர்த்து மனுப் போடாத வீடுகள்தான் அதிகம், "அவளுக்கு எதுக்கு இப்ப" என்று. முகாமின் பலனே அங்கேதான்.

சான்று இல்லாவிட்டால் போகிறது என்ன? 10க்குப் பிந்தைய உதவித்தொகை, இதற்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மாநிலத்தின் 1 சதவீத ஒதுக்கீடு, மத்திய அரசின் 7.5 சதவீதம். கல்லூரிப் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குச் சாதிச் சான்று காரணமில்லை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். உண்டு உறைவிடப் பள்ளியும் அரசுப் பள்ளிதான்.

எல்லைக்கல் எழுதியது:

நிலத்துக்கு வருகிறேன். உங்கள் பஞ்சாயத்தில் வன உரிமைச் சட்டத்தில் மனுக்கள் போயிருக்கும். 2006 சட்டத்தின் 4(4) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: திருமணமானவர் என்றால் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும், தனி ஆள் தலைமையில் இருக்கும் குடும்பம் என்றால் அவர் பெயரில். விற்க முடியாது, வாரிசுக்குப் போகும். இவ்வளவு தெளிவாக இருந்தும் பட்டாவில் மனைவி பெயர் ஏன் விடுபடுகிறது?

படிவம் 'அ'வைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1ஆவது இடம் மனுதாரர் பெயர், 2ஆவது இடம் கணவன் அல்லது மனைவி பெயர், 3ஆவது தந்தை அல்லது தாய் பெயர். பூர்த்தி செய்கிறவர் பெரும்பாலும் படித்த ஓர் இளைஞன், ஒரே ராத்திரியில் 40 படிவம் எழுதுவான். 2ஆவது இடத்தில் கோடு போட்டுவிட்டு 3க்குப் போய்விடுவான், ஏனென்றால் சமவெளிப் படிவம் எல்லாவற்றிலும் 'தகப்பனார் பெயர்'தான் கேட்டுப் பழக்கம். அல்லது ஊரில் அழைக்கும் பெயரை எழுதுவான், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். பிறகு உட்கோட்டக் குழுவில் அந்த ஒரு பெயரோடுதான் கோப்பு நகரும். திருத்த வேண்டிய இடம் கிராம சபை, மேலே அல்ல. வன உரிமைக் குழு சரிபார்த்துக் கிராம சபைத் தீர்மானத்தில் 'கணவன் இன்னார், மனைவி இன்னார்' என்று இரண்டு பெயரும் எழுதப்பட வேண்டும். ஏற்கெனவே ஒரே பெயரில் வந்துவிட்ட உரிமைச் சான்றுக்கும் கிராம சபைத் தீர்மானத்தோடு பெயர் சேர்க்க மனுப் போடுங்கள். உட்கோட்டக் குழு தள்ளினால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு.

குழு உறுப்பினர்கள் 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கிராம சபைக்கு ஊரில் வயது வந்தவர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இது தாளில் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், ஏனென்றால் பதிவேடு வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கிவரும். கூட்டத்தை ஞாயிறு மதியம் வைத்தால் ஆண்கள் வருவார்கள், பெண்கள் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். நேரத்தைப் பெண்களைக் கேட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது, ஆகவே அந்தப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே இல்லை. அந்த மாதிரி அதிகாரங்களை இங்கே எதிர்பார்த்துப் பேசாதீர்கள்.

விதவை, கைவிடப்பட்டவர், கல்யாணமாகாமல் அண்ணன் வீட்டில் இருப்பவர், இவர்கள் மூவரையும் தனிப் பட்டியல் போடுங்கள். 13.12.2005க்கு முன்பிருந்தே உழுத கொல்லை அவர்கள் வசம் இருந்தால் தனி மனு அவர்களுக்கே உரியது. கொழுந்தன் பெயரில் சேர்த்து எழுதிவிடுவது வழக்கம்.

பனங்காட்டான்:

அண்ணே, பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் மட்டும் என்ன மாறும்? விதைப்பதையும் விற்பதையும் வீட்டில் இருக்கும் ஆண்தான் முடிவு செய்வான். இந்தச் சமூகங்களில் சொத்து மகனுக்குத்தான், அது அவர்கள் வழக்கம்.

எல்லைக்கல்:

தம்பி, விதைப்பது மாறாமல் போகலாம். கணவன் இறந்த அன்று மாறும். பெயர் இருந்தால் அவள் கொல்லையிலேயே இருக்கிறாள், இல்லாவிட்டால் 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் பேச்சு தொடங்கும்.

வழக்கம் என்றது பற்றி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு பழங்குடியினரை விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் 2005 திருத்தம் மகளுக்குக் கொடுத்த சம பங்கு பழங்குடி மகளுக்கு நேரடியாகக் கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்ற யோசிக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. 2025 ஜூலையில் இன்னொரு வழக்கில், பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பு வந்தது. "எங்க வழக்கம்" என்று சொன்னாலே போதும் என்ற காலம் போய்விட்டது. ஆனாலும் வன உரிமைப் பட்டாவில் இந்தச் சண்டையே தேவையில்லை, அங்கே மனைவி வாரிசாக வருவதில்லை, முதல் நாளிலிருந்தே உரிமைக்காரி.

கைத்தராசு எழுதியது:

வேலை, கூலி பக்கம் யாரும் இன்னும் வரவில்லை, ஆகவே நான்.

புளியையே எடுத்துக்கொள்வோம். ஓட்டோடு 100 கிலோ காய் எடுத்தால் சதை ஏறக்குறைய 55 கிலோ, கொட்டை 34, ஓடு 11. மரம் ஏறி உலுக்குவது ஆண், ஒன்றிரண்டு நாள் வேலை. ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டுவது பெண், மாசி பங்குனி முழுக்க. நகக்கண்ணில் புளி ஏறி விரல் வெந்திருக்கும். வியாபாரி ஓட்டோடு மொத்தமாக மரக் குத்தகை பேசினால் பணம் மரம் ஏறியவனிடம் போகும், பிறகு அதே புளியை அதே வீட்டுப் பெண்களிடம் கிலோ கணக்கில் கூலிக்கு உடைக்கக் கொடுப்பான். கொட்டை தட்டிய புளியாகச் சங்கத்தில் போட்டால் பெண்ணின் உழைப்புக்கும் சேர்த்து விலை கிடைக்கும். கொட்டைக்கும் தனி விலை உண்டு, அதைக் 'கழிவு' என்று சும்மா வாங்கிப் போவதை நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மலைவாழ் மக்கள் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில், லாம்ப் சொசைட்டி என்பார்களே, பெண்களைத் தனி உறுப்பினராகச் சேருங்கள். கணவன் உறுப்பினராக இருப்பது மனைவி சேர்வதற்குத் தடையா என்று அந்தச் சங்கத்தின் துணைவிதியை வாங்கிப் படியுங்கள். எடைச் சீட்டு யார் கொண்டுவந்தார்களோ அவர் பெயரில், பணம் அவர் வங்கிக் கணக்கில். 20 கிலோ படிக்கல் ஒன்று ஊரிலேயே இருக்கட்டும், வியாபாரியின் தராசை முதலில் அதை வைத்துப் பாருங்கள். சிறு வனப்பொருள் சேகரித்து விற்பது வன உரிமைச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவில் உரிமை. 2012 திருத்த விதிப்படி அதைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தருவது கிராம சபை அமைத்த குழு. தலைச்சுமையாகக் கடுக்காய் கொண்டுவரும் பெண்ணைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் காட்ட அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.

சுய உதவிக் குழுவுக்கு 10 பேர் சேரவில்லை என்று ஊருக்கு ஊர் கைவிடுகிறார்கள். எட்டாத மலை ஊர்களுக்கு 5 பேர் போதும் என்று தேசிய வாழ்வாதார இயக்க விதியிலேயே தளர்வு உண்டு. மூன்று ஊர்ப் பெண்களை ஒரே குழுவில் போட்டு அலைய விடாதீர்கள்.

அடுத்தது வெளியூர் வேலை. காப்பித் தோட்டமானாலும் செங்கல் சூளையானாலும் 'ஜோடிக் கூலி'. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் இருளர் குடும்பங்களுக்கு நடப்பதைப் பாருங்கள்: ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணவன் பெயரில் நோட்டு, முன்பணமும் அவன் பெயரில். மண் குழைப்பதில், கல் திருப்பிப் போடுவதில், சுமப்பதில் பாதி அவள். நோட்டில் அவள் இல்லை. சம ஊதியத்துக்கு 1976 சட்டம் இருந்தது, இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ளடங்கிவிட்டது. ஆனால் பெயரே இல்லாத ஆளுக்கு எந்தச் சட்டத்திலும் கூலி கேட்க முடியாது. போகும் முன்பே இரண்டு நோட்டு என்று மேஸ்திரியிடம் பேசுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டான், குறைந்தது ஒரே நோட்டில் இரண்டு பெயரும் வாரக் கணக்கின் நகலும் கேளுங்கள்.

முன்பணம் கழியவில்லை என்று போகவிடாமல் தடுத்தால் அது கொத்தடிமை, 1976 ஒழிப்புச் சட்டம். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் 3 லட்சம். உடனடி உதவி 30,000 வரை. சறுக்கும் இடம்: விடுதலைச் சான்று குடும்பத் தலைவனுக்கு மட்டும் எழுதப்படும், மனைவியும் 14 வயது மகளும் 'உடன் இருந்தோர்' ஆகிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனிச் சான்று, தனி வாக்குமூலம் என்று விசாரணை அன்றே கேளுங்கள். பிறகு கேட்டால் நடக்காது.

தை முதல் ஆனி வரை சூளைக் காலம். பையனைப் பாட்டியிடம் விட்டுப் போவார்கள், பெண்ணைச் சமைக்கக் கூட்டிப் போவார்கள். முழுப் பரீட்சை அங்கேயே போய்விடும். மார்கழியிலேயே போகப்போகும் வீடுகளைப் பட்டியல் எடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் பிடியுங்கள். வருகைப்பதிவேடு சொன்ன 'தை மாதத்தில் நின்றவர்கள்' இவர்கள்தான்.

வருகைப்பதிவேடு:

கைத்தராசு சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

ஒன்று, ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட 16, 17 வயதுப் பிள்ளைகள். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21, பழங்குடியினருக்கு விலக்கு கிடையாது. தடுக்க வேண்டிய அவசரம் என்றால் 1098. ஆனால் ஏற்கெனவே நடந்துவிட்ட இடத்தில் போலீஸை மட்டும் முன்னால் நிறுத்தினால் கர்ப்பிணிப் பிள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வராமல் ஒளிந்துகொள்வாள், தாய் சேய் பதிவு எண் இருக்காது, பிரசவம் வீட்டில் நடக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றுக்கு அலைச்சல். மருத்துவரும் போக்சோ சட்டப்படி தகவல் தரக் கடமைப்பட்டவர்தான். முதலில் அவளை மருத்துவம் பார்க்க வைக்கும் வழியை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கல்யாணத்தைச் செல்லாததாக்க அவளே மனுப் போடலாம், 18 முடிந்து 2 ஆண்டு வரை அந்த உரிமை உண்டு. கல்யாணமான பெண்ணைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. "மத்த பிள்ளைங்க கெட்டுப்போகும்" என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்கள்.

இரண்டு, நின்று இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். 16 வயதுப் பெண்ணை 9ஆம் வகுப்புப் பெஞ்சில் உட்காரச் சொன்னால் வெட்கப்பட்டு வரமாட்டாள். தனித்தேர்வர் வழிதான் நல்லது. 8ஆம் வகுப்பு முடிக்காதவருக்கு 12½ வயது ஆகியிருந்தால் 8ஆம் வகுப்புக்கான தனித்தேர்வு, அதாவது இ.எஸ்.எல்.சி. 8 முடித்து 14½ வயதானவர் நேரடியாக 10ஆம் வகுப்பு எழுதலாம். இங்கே எல்லாரும் விழும் குழி அறிவியல் செய்முறை. தனித்தேர்வர் முதலில் அதற்குப் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சிக்குப் போய் வந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்துவிடும். விண்ணப்பத் தேதிக்குக் காத்திருந்து போனவர்கள் ஒரு வருடம் இழப்பார்கள்.

புதுக்கொல்லை:

8ஆம் வகுப்புப் பட்டியலை எடுக்க நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். செய்முறைப் பயிற்சிக்கு அடிவாரப் பள்ளிக்கு வந்து போக வேண்டுமே, மலைப் பெண்களுக்குக் கிட்டத்தில் பள்ளி ஒதுக்கச் சொல்லிக் கேட்க முடியுமா?

வருகைப்பதிவேடு:

பதிவு விண்ணப்பத்தோடு மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் வையுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் 8, 10 பேராகச் சேர்த்துக் கொடுத்தால் ஒரே பள்ளியில் போடக் கேட்கலாம், ஒரே வண்டியில் இறங்கி ஒரே வண்டியில் ஏறிவிடுவார்கள். பயிற்சி நாட்களில் யாருடைய கைக்குழந்தையை யார் பார்ப்பது என்றும் அன்றைக்கே பேசி வையுங்கள்.